பழுது தேடிப் பார்த்த துவக்கு

1. முதல் நாள்

"நீங்கள் துவக்குப் பிடிச்சிருக்கிறீங்களோ?"

குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கொழுவுவதற்குள் முதலாளி ப்ருன்னர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி இது. அவர் கேட்டது சுவிஸ் ஜெர்மனில். அவர் கதைத்ததை எல்லாம் எனக்கு வருகிற தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

"நான் பிடிச்சதில்லை. எனக்கு நேரை பிடிச்சிருக்கினம்" என்றேன்.

மனிதர் உள்ளே போய் இரண்டு கோப்பி போட்டுக்கொண்டு வந்தார். ஒரு சுவிஸ் முதலாளி முதல் நாளே தன் கையால் கோப்பி போட்டுத் தந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அவருடைய பட்டறை சோலோதுர்னில் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. பழைய இராணுவத் துவக்குகளை வாங்கிப் பரிசோதித்து, சேகரிப்பவர்களுக்கும் சுடும் சங்கத்து ஆட்களுக்கும் விற்போம். அதற்கு முன் நான் கிரென்ஷனில் மணிக்கூட்டுப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கொன்ட்ரோல் வேலை செய்தேன். கண்ணில் லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, அளவு பிழைத்த பல்லுச் சக்கரங்களைப் பொறுக்கிக் கழிக்கிற வேலை. அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். துவக்குத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள், அளவு தெரிந்த கண்தான் தனக்கு வேண்டும் என்று சொல்லி ப்ருன்னர் என்னை எடுத்தார்.

அன்று ஒரு துவக்கை என் கையில் தந்துவிட்டுத் திருப்பித் தாங்கோ என்றார். நான் நேரே கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தேன். கத்தி, உப்பு, மிளகாய் எதையும் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று பழகிய கை. எனக்கு அது யோசித்துச் செய்த காரியமில்லை. ப்ருன்னருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இதைச் சொல்லிக் குடுக்க எனக்கு ஆளுக்கு ஆறு மாதம் எடுக்கும். துவக்கை மேசையில வைக்கோணும். மற்றவர் பூட்டைத் திறந்து, உள்ளுக்கு ரவை இல்லையெண்டு பாத்துத்தான் தூக்கோணும். எங்க பழகினீங்கள்?"

"குசினியில" என்றேன்.

பதினான்கு வருடம் அந்த மேசையில் இருந்தேன். நான் கையெழுத்து வைத்த கொன்ட்ரோல் தாள்களை அடுக்கினால் ஒரு அலுமாரி நிறையும். அதில் ஒரு தாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் வாழ்க்கையில் பொய் எழுதுவதற்குப் பேனையைத் திறந்தது அந்த ஒரு தாளில்தான்.

2. உடுப்பு அலுமாரியில் இருந்தது

பழைய துவக்குகள் எங்களிடம் வந்து சேர்கிற வழி பெரும்பாலும் ஒன்றுதான். யாரோ ஒருவர் வீட்டை விட்டு முதியோர் இல்லத்துக்குப் போவார். பிள்ளைகள் எங்களுக்குப் போன் அடிப்பார்கள். ப்ருன்னரும் நானும் வான் வண்டியில் போவோம்.

ஹெர் ஃப்லூரி மலையடிவாரத்தில் ஒரு பண்ணை வீட்டில் இருந்தார். வயது எண்பத்தாறு. படுக்கையறைக்குக் கூட்டிப்போய் உடுப்பு அலுமாரியைத் திறந்து காட்டினார். குளிர்கால கோட்டுகளுக்குப் பின்னால் ஒரு துவக்கு சாய்ந்து நின்றது. இராணுவம் அவருக்கு இருபது வயதில் கொடுத்த கார்பினர் 31. சேவை முடிந்தபோது அவருக்கே விட்டுவிட்டார்கள். அதன் வாயில் ஒரு சின்ன லவெண்டர் பை தொங்கியது. கோட்டுகளில் பூச்சி பிடிக்காமல் மனைவி கொழுவியதாம். மனைவி போய்ப் பத்து வருடம். பையை அவர் எடுக்கவில்லை.

"பூட்டு எங்கை?" என்று ப்ருன்னர் கேட்டார். துவக்கின் பின்பக்கம் வெறும் ஓட்டையாக இருந்தது. ரவையை உள்ளே அடைத்துப் பிடிக்கிற அந்தப் பூட்டு இல்லாத துவக்கு வெறும் இரும்புக் குழாய்தான்.

ஃப்லூரி குசினிக்குப் போய்க் கரண்டி லாச்சியை இழுத்தார். முள்ளுக்கரண்டிகளுக்குப் பின்னால் ஒரு கம்பளிக் காலுறை. அதற்குள் பூட்டு. துவக்கு ஒரு அறையிலும் பூட்டு இன்னொரு அறையிலும் இருக்க வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். அறுபத்தைந்து வருடம் அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் சூப் குடிக்கக் கரண்டி எடுத்தபோது அவருடைய கை அந்தக் காலுறையில் பட்டிருக்கும்.

நான் வளர்ந்த இடத்தில் துவக்கு வீட்டுக்குள் வந்தால் யாரோ ஒருவர் வெளியே போவார் என்று அர்த்தம். இங்கே அது கோட்டுகளுக்கும் கரண்டிகளுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தோடு சேர்ந்து வயது போயிருந்தது. இப்படியும் ஒரு நாடு இருக்குமா என்று பிரமித்துப்போய் நின்றேன். ஃப்லூரி என்னைப் பார்த்து, "பயப்படாதேங்கோ, அது நித்திரை" என்றார்.

3. மாம்பழத்தோடு வந்தவர்

நாங்கள் இணையத்தில் போட்ட படத்தில் அந்தத் துவக்கைப் பார்த்து முதலில் கேட்டது அபிரா. டீட்டிகோனில் இருக்கிற பிள்ளை, இருபத்துநாலு வயது, ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. இங்கேயே பிறந்தவள். அங்கே ஒரு சுடும் சங்கத்தில் மூன்று வருடமாக முந்நூறு மீற்றர் சுடுகிறாள். சங்கத்தின் துவக்கை இரவல் வாங்கிச் சுட்டு அலுத்துப் போய்த் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று வந்தாள். சனிக்கிழமை வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் நான் பரிசோதித்துத் தாள் எழுதி வைக்க வேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் கதவு மணி அடித்தது. ஒரு தமிழ் ஆள், அறுபது வயதிருக்கும், ரயிலில் வந்த களைப்பு முகத்தில். கையில் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பு மாம்பழம். சூரிச் லாங்ஷ்ட்ராசவில் தமிழ்க் கடையில் வாங்கியிருப்பார், விலை எனக்குத் தெரியும். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "தங்கச்சி, நான் அபிரான்ர அப்பா. குணம்" என்றார்.

ஒரு கதிரை கொடுத்தேன். இருக்கவில்லை.

"பிள்ளை சொன்னவள், அங்கை பாக்கிறது ஒரு தமிழ் அன்ரி எண்டு. அதுதான் வந்தனான். நீங்கள் அந்தத் துவக்கு பழுது எண்டு சொல்லிவிடுங்கோ."

"அண்ணை, நான் இன்னும் பாக்கவேயில்லை."

"பாத்திட்டுச் சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே. நான் சொன்னால் சண்டை. நீங்கள் எழுதிக் குடுத்தால் அவள் கேப்பாள், எழுத்தில இருக்கிறதை நம்புற பிள்ளை. வேற துவக்கு வாங்க அவளுக்கு மனம் வராது, இதிலதான் ஆசை."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என்ர தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வந்தவன், துவக்கை எங்கட சாப்பாட்டுக் கதிரையில சாத்திவைச்சிட்டுத் தண்ணி கேட்டவன். எந்தப் பக்கத்தான் எண்டு கேளாதேங்கோ. அம்மா குடுத்தவ. குடிச்சிட்டு, செம்பைக் குடுத்திட்டு, தம்பியோட போனவன். தம்பி திரும்பி வரேல்ல. துவக்குச் சாத்தின வீட்டை நான் ஒருக்காப் பாத்தாச்சு, தங்கச்சி. இன்னொருக்கா ஏலாது. அது என்ர வீட்டுக்கு வந்தால் நான் வெளியில போறன். அவளிட்டையும் சொல்லிப்போட்டன்."

"அவள் என்ன சொன்னவள்?"

"அப்ப நான் போறன், நீங்கள் இருங்கோ எண்டவள்."

சனிக்கிழமை தானும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாம்பழத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று வேலை முடியும்வரை பட்டறையில் துவக்கு எண்ணெய் மணத்தை அந்த வாசம் அமுக்கிவிட்டது. ப்ருன்னர் இரண்டு முறை வந்து மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவர் பக்கம்தான் மனம் சாய்ந்தது. ஒரு பிள்ளைக்குத் துவக்கு இல்லாமல் போனால் என்ன குறைந்துவிடும்? ஒரு வீடு உடையாமல் இருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பொய் எழுதவும் பயமாக இருந்தது. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். உண்மையாகவே ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட்டால் பொய் சொல்லத் தேவையில்லை. பழைய துவக்குத்தானே, தேடினால் கிடைக்காமலா போகும் என்று நினைத்தேன்.

4. தேடினேன்

வெள்ளிக்கிழமை காலை அதை மேசைக்கு எடுத்தேன். நல்லதை உறுதிப்படுத்தத்தான் மற்ற நாட்களில் பார்ப்பேன். அன்று பொலிஸ்காரர் கள்ளனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன்.

முதலில் இலக்கங்கள். துவக்கின் உடம்பில் ஆறு இலக்கம் அடித்திருக்கும். பூட்டிலும் ரவைப் பெட்டியிலும் உள்ளது அதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று துவக்கு இருந்தால் பூட்டுகள் மாறிப்போவது சாதாரணம். மாறியிருந்தால் அதையே சாட்டாக வைக்கலாம். லூப்பைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு P எழுத்து, இராணுவம் அவருக்கே விட்டுக்கொடுத்ததற்கு அடையாளம்.

பிறகு பூட்டு. மற்ற நாட்டுத் துவக்குகளில் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். கார்பினர் 31 இல் நேரே இழுத்தால் வரும், நேரே தள்ளினால் போகும், உள்ளே பூட்டுத் தானே திரும்பிப் பூட்டிக்கொள்ளும். இழுத்தேன். என் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் புதிதாக வந்த பாகங்கள்கூட இவ்வளவு பதமாக ஓடியதில்லை. ஒரு சொரசொரப்பு இருக்குமோ என்று இருபது தரம் இழுத்தேன். இருபது தரமும் ஒரே சத்தம்.

அடுத்தது அளவுக் கட்டைகள். ரவை இருக்கிற இடத்தில் ஒரு இரும்புக் கட்டையை வைத்துப் பூட்ட வேண்டும். நல்ல கட்டைக்குப் பூட்டு மூடவேண்டும், கழிவுக் கட்டைக்கு மூடக்கூடாது. கழிவுக் கட்டைக்கும் மூடினால் தேய்ந்துவிட்டது, சுடுவது ஆபத்து, பேச்சுக்கே இடமில்லை. நான் எதிர்பார்த்துக் காத்திருந்த இடம் இது. நல்ல கட்டைக்கு மூடியது. கழிவுக் கட்டையை வைத்து விரலால் மெல்லத் தள்ளினேன். நின்றது. ஒரு நொடி, இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளலாமே என்று விரல் சொன்னது. பலமாகத் தள்ளினால் எதுவும் மூடும். நான் தள்ளவில்லை, ஆனால் விரல் சொன்னதைக் கேட்டேன்.

குழாயின் வாய். சிலர் துப்புரவுக் கயிறு இழுத்து இழுத்தே வாயைத் தேய்த்துவிடுவார்கள். கொன்ட்ரோல் ஊசியை விட்டேன். அளவு நிற்க வேண்டிய கோட்டில் நின்றது.

பிறகு துவக்கை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் குழாய்க்குள் பார்த்தேன்.

இதை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை, ஆனால் அன்று பார்த்தது வேறு. வளையம் வளையமாக வெளிச்சம், ஒன்றுக்குள் ஒன்று, கடைசியில் ஆற்றின் வெள்ளைத் துண்டு ஒன்று வரை. ரவையைச் சுழற்ற உள்ளே வெட்டிய வரிகள் நாலும் சுழன்று சுழன்று போயின. ஒரு புள்ளி கறையில்லை. கோயில் மூலஸ்தானத்தில் தீபம் காட்டும்போது ஒரு கணம் எல்லாம் துலங்குமே, அந்த மாதிரி இருந்தது. என் வாயிலிருந்து "அம்மாடி" என்று வந்துவிட்டது. கொல்வதற்குச் செய்த ஒரு சாமான் இவ்வளவு அழகாக இருக்கலாமா என்று எனக்குக் கோபமும் வந்தது. கோபம் வந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை.

மரத்தில் ஒரு குறை இருந்தது. பிடியின் அடிப்பக்கம் அடிபட்டுக் கறுத்துப் போயிருந்தது. பனியில் ஊன்றி ஊன்றி வந்த கறுப்பு. இந்தத் துவக்குகளில் பாதிக்கு அது இருக்கும், சுடுவதற்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் தெரியாத ஒருவருக்கு "மரம் பழுதடைந்துள்ளது" என்று எழுதினால் போதும். பேனையைத் திறந்தேன். தாளில் மரத்துக்கான வரியில் முனையை வைத்தும்விட்டேன்.

வைத்தவுடன் இன்னொரு இடம் ஞாபகம் வந்தது. பிடியின் அடியில் ஒரு இரும்புத் தகடு இருக்கும். அதன் கீழே ஈரம் தங்கித் துரு பிடித்திருந்தால் உண்மையான பழுதே கிடைத்துவிடும். பேனையை மூடிவிட்டு இரண்டு திருகாணியையும் கழற்றினேன். துரு இல்லை. ஒரு மடித்த கடதாசி இருந்தது. மஞ்சளாகிப் போன தாளில் ஃப்லூரியின் பெயர், அவர் படைப்பிரிவு, அந்தப் பண்ணை வீட்டின் விலாசம். துவக்கு எங்கேயாவது கிடந்தால் ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும் என்று இருபது வயதுப் பெடியன் எழுதி வைத்தது. துவக்குக்கு ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்கு அது திரும்பிப் போக வேண்டும் என்று ஒருவன் நினைத்திருக்கிறான்.

அந்தக் கடதாசியைப் பிடித்துக்கொண்டு நான் அழுததை ப்ருன்னர் கண்டுவிட்டார். வெங்காயம் வெட்டினனான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தாளில் ஆறு வரியிலும் ஒரே சொல்லை எழுதினேன். பழுது இல்லை. கறுத்த மரத்துக்கு, "அடையாளம் உண்டு, பாவனைக்குத் தடையில்லை" என்று இன்னொரு வரி. கையெழுத்து வைத்தேன். கடதாசியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து மூடினேன்.

5. சனிக்கிழமை

அபிராவும் அப்பாவும் ஒரே ரயிலில் வந்து இரண்டு கதவால் வருகிற மாதிரி வந்தார்கள். பிள்ளை மேசைக்கு வந்தாள். அவர் வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அண்ணை, நல்ல துவக்கு. நான் தேடித் தேடிப் பாத்தனான். ஒரு பழுதும் இல்லை."

அபிராவுக்கு இதற்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது. அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவர் முகம் கறுத்தது. திரும்பிப் போகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. மேசைக்குக் கிட்ட வந்தார்.

"இதால எத்தினை பேர் செத்தது?"

"எனக்குத் தெரியாது அண்ணை. அதைக் குழாய் சொல்லாது."

"அப்ப ஆருக்குத் தெரியும்?"

அபிரா தலையைக் குனிந்தாள். இப்படி ஒரு கேள்வியைக் கொன்ட்ரோல் தாளில் யாரும் அச்சடிக்கவில்லை. கேள்வியை ப்ருன்னருக்குச் சொன்னேன். அவர் போனை எடுத்து ஃப்லூரி இருக்கிற முதியோர் இல்லத்துக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். நான் குணம் அண்ணை கேட்டதை அப்படியே சுவிஸ் ஜெர்மனில் கேட்டேன்.

ஃப்லூரி சொன்னதை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். "ஒருத்தருமில்லை. கடதாசி மட்டும்தான். வருசத்துக்கு ஒருக்கா முந்நூறு மீற்றர். ஒருக்கா ஒரு ரவை இலக்கிலேயே படேல்ல, கீழை இருந்து பூச்சியம் எண்டு பலகையை ஆட்டினவங்கள். மனிசி ஒரு வருசம் சிரிச்சவள்."

குணம் அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நான் பூட்டைக் கழற்றிவிட்டுத் துவக்கை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். கனநேரம் பார்த்தார். வெளிச்சம் வளையமாக அவர் கண்ணில் விழுந்தது எனக்குத் தெரிந்தது.

"உள்ளுக்கு இப்பிடியோ இருக்கிறது" என்றார். "நான் எப்பவும் மற்றப் பக்கத்தால தான் பாத்தனான்."

கையை நீட்டினார். "ஒருக்காத் தொடலாமோ?"

நான் துவக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சில நாட்டுப் பிரசைகள் துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ சுடவோ கூடாது என்று இங்கே சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இலங்கையும் உண்டு. மகளுக்குச் சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் எடுத்துக் கொடுத்தவர் தனக்குப் போடவில்லை என்று அபிரா முன்பே சொல்லியிருந்தாள். பட்டியலில் உள்ளவர்களுக்குக் கையில்கூடக் கொடுக்கக்கூடாது என்பது ப்ருன்னரின் கடுமையான விதி. வியாழக்கிழமையே இதைக் குணம் அண்ணையிடம் சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் சொல்லவில்லை. அதே ஊரில் பிறந்து சிவப்புப் பாஸ்போட் எடுத்த நான் தொடலாம், நீங்கள் தொடக்கூடாது என்று எந்த வாயால் சொல்வது?

"அண்ணை, உங்களிட்ட இருக்கிறது இலங்கைப் பாஸ்போட். உங்களுக்குச் சட்டம் விடாது" என்று சொல்லி முடித்தேன்.

அவர் நீட்டிய கையை உடனே மடக்கவில்லை. அப்படியே காற்றில் வைத்துக்கொண்டு மகளிடம் கேட்டார். "அப்ப இதை வீட்டை கொண்டுவந்தாலும் நான் தொடக்கூடாதோ?"

"ஓம் அப்பா. இரும்பு அலுமாரி வாங்கிப் பூட்டி வைக்கோணும். சாவி என்னட்ட மட்டும்தான்."

அவர் யோசித்தார். "நல்ல சட்டம்" என்றார். அதில் கசப்பு இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. "பிள்ளை, சாவியை எனக்குத் தராதை. நான் கேட்டாலும் தராதை. ஆர் வந்து தண்ணி கேட்டாலும் தராதை."

அபிரா அவர் தோளில் முகத்தை வைத்துவிட்டாள். ப்ருன்னர் ஒப்பந்தத் தாளைத் தேடுவதாகச் சொல்லி உள்ளே போனார். அது அவருக்கு முன்னால்தான் கிடந்தது.

பிள்ளை கையெழுத்து வைக்கும்போது குணம் அண்ணை என்னுடைய கொன்ட்ரோல் தாளை எடுத்தார். ஜெர்மன் எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பழுது இல்லை எண்டு எழுதினது எது?"

முதல் வரியைக் காட்டினேன். அவர் சுட்டுவிரலை அதன்மேல் வைத்தார்.

"இதைத் தொடலாம்தானே?"

"தொடலாம் அண்ணை."

விரலை ஒவ்வொரு வரியாக மெல்ல இறக்கிக்கொண்டு போனார். இலக்கம், பூட்டு, அளவு, வாய், குழாய், மரம். மரத்தின் வரியில் பேனை முனை அழுத்திய ஒரு நீலப் புள்ளி இருந்தது. வெள்ளிக்கிழமை நான் திறந்த பேனை வைத்தது. அவர் விரல் அதில் வந்து நின்றது.

"இது என்ன தங்கச்சி?"

"அது என்ர பழுது அண்ணை" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். விளங்கிக்கொண்டார். தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இதை நான் வைச்சிருக்கிறன்" என்றார்.

இந்த வேலைக்கு வருகிற இளம் ஆட்களுக்கு அளவுக் கட்டை பிடிக்க யாராவது சொல்லித் தருவார்கள். நான் படித்தது வேறு. இல்லாத பழுதை எழுதச் சொல்லி உங்களிடம் வருகிறவர் பெரும்பாலும் கெட்டவராக இருக்கமாட்டார், மாம்பழத்தோடு வருவார். அவரையும் இருத்திவைத்துக் கேளுங்கள். பிறகு தாளில் கண்டதை எழுதுங்கள். அந்தத் தாளை நம்பி விரல் வைக்கப் போகிறவரும் அவர்தான்.